ஏப்ரல் வெயிலில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி: எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு?

ஏப்ரல் 2, 2025 – கேள்வி

பள்ளி விடுமுறை ஆரம்பித்ததும் தாம்பரத்திலிருந்து காரில் ராமேசுவரம் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. போக வர 5 நாள். வழியில் செஞ்சி, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர், சித்தன்னவாசல், திருமயம், செட்டிநாடு, தனுஷ்கோடி. திரும்பும்போது தரங்கம்பாடி, சிதம்பரம், பிச்சாவரம், மாமல்லபுரம். வரைபடத்தில் எல்லாம் அடுத்தடுத்துதான் இருக்கிறது. முடியுமா?

ஏப்ரல் 2, இரவு

தூரத்தைப் பார்த்தால் முடியும். வெயிலைப் பார்த்தால் முடியாது.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், 2018 மே மாதம் நானும் இதே மாதிரி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். பிள்ளைகள் ஓடிப் போய் நிழலில் நின்றுவிட்டார்கள். அம்மாவால் ஓட முடியாது. வெளிப் பிராகாரத்தில் பாதி தூரம் போன பிறகு திரும்பவும் முடியாமல், முன்னே போகவும் முடியாமல் அப்படியே நின்றார். என் துப்பட்டாவைக் கீழே விரித்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். மீதி மூன்று நாளும் அம்மா அறையிலேயே கிடந்தார். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் கோடையில் போகும்போது இடங்களை ஊர் வரிசையில் அடுக்குவதை விட்டுவிட்டேன். எது எந்த நேரத்துக்கு ஒத்துவரும் என்று மட்டும் பார்ப்பேன். கருங்கல் என்றால் விடியற்காலை. பத்தரை முதல் நாலு வரை கூரை உள்ள இடம், அல்லது ஓடும் கார், அல்லது தூக்கம். கடலும் கோட்டையும் நாலு மணிக்கு மேல். பெரும்பாலான கோயில்களில் 12, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்து என்ன பயன்?

இப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் செஞ்சி, பிச்சாவரம், மாமல்லபுரம் மூன்றும் போய்விடும். சித்தன்னவாசலும் பாறைதான், அதையும் எடுத்துவிடுங்கள். மாமல்லபுரம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயணம். அதை எதற்கு இதில் போட்டு இடிக்க வேண்டும்?

ஐந்து நாளை ஆறாக்க முடியுமா பாருங்கள். நாங்களும் 27ஆம் தேதி இதே பக்கம்தான் கிளம்புகிறோம், அம்மாவோடு. இந்தத் தடவை அம்மா அறையில் உட்காரக் கூடாது என்பதுதான் என் திட்டத்தின் முதல் வரி.

ஏப்ரல் 3

செஞ்சியை ஏன் எடுத்தேன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து மேற்கே 30 கிலோமீட்டர்கூட இல்லையே என்கிறார்கள். சரிதான். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது ராஜகிரி உச்சி. படி முழுக்கத் திறந்த வெயில். இறங்கி வரும்போது பாறை அடுப்பு மாதிரி அனல் வீசும். கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். செஞ்சி நல்ல இடம். அதனால்தான் அரைகுறையாகப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் ஆறு நாள் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம். எங்கள் வரிசையை அப்படியே போடுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

27 ஞாயிறு: அதிகாலை நாலேகாலுக்குக் கிளம்பி விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். மதியம் கும்பகோணத்தில் ஓய்வு, மாலை தாராசுரம்.
28 திங்கள்: விடியற்காலை தஞ்சைப் பெரிய கோயில். நடுப்பகலில் புதுக்கோட்டை அருங்காட்சியகம். மாலை திருமயம் கோட்டை. இரவு கானாடுகாத்தான்.
29 செவ்வாய்: காலையில் செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடி. மதியம் ஓட்டம். மாலை பாம்பன்.
30 புதன்: தனுஷ்கோடி, ராமேசுவரம் கோயில்.
மே 1 வியாழன்: கடற்கரைச் சாலையில் வடக்கே, இரவு தரங்கம்பாடி.
மே 2 வெள்ளி: சிதம்பரம், வீடு.

புதுக்கோட்டையை ஏன் திங்கட்கிழமை வைத்தேன் என்றால், அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. நடுப்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிழலில் நின்று எதையாவது உருப்படியாகப் பார்க்க இந்த வழியில் அதைவிட நல்ல இடம் இல்லை.

ராமேசுவரத்தை 29க்குத் தள்ளியதற்கும் காரணம் உண்டு. 27 அமாவாசை. அன்று அங்கே கார் நிறுத்தவே இடம் கிடைக்காது.

ஏப்ரல் 5

சித்தன்னவாசல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார், அவருக்கு நன்றி. அங்கே இரண்டு இடம் தனித்தனி. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஏழடிப்பட்டம், சமணர் படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் இருக்கும் இடம், அது வெயில். ஓவியம் இருக்கும் அறிவர் கோயில் குடைவரை. கொஞ்சம் படி ஏறினால் போதும், உள்ளே நிழல். 2018இல் நான் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஏறவே முடியாது என்று கீழேயிருந்தே திரும்பிவிட்டேன். ஏழு வருஷமாக எல்லோரிடமும் "கோடையில் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறேன். கேட்டுப் போகாமல் விட்டவர்கள் மன்னிக்கவும்.

திங்கட்கிழமை தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் நடுவில் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்துவிட்டார்கள்! பழைய பாலம் 1914இல் வந்தது, 2022 டிசம்பரோடு அதில் பயணிகள் ரயில் நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே இல்லை. புதியது 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. பழையதில் இரண்டு பக்கமும் கை தூக்குகிற மாதிரி விரியும். என் மகனுக்கு 9 வயது, காலையிலிருந்து தீப்பெட்டியையும் ஸ்கேலையும் வைத்து இதையே செய்து காட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் கேட்டான்: "நாம காரில் போனா பாலத்தைப் பார்க்கத்தானே முடியும், பாலத்து மேல போக முடியாதே?" நியாயமான கேள்வி. ராமநாதபுரத்தில் நானும் பிள்ளைகளும் ரயில் ஏறி, வீட்டுக்காரர் அம்மாவோடு காரில் வந்து ராமேசுவரத்தில் எங்களை ஏற்றிக்கொண்டால்? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 9

வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

டயர்தான் முதல் கவலை. பக்கவாட்டில் நாலு இலக்கம் போட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் இன்னும் தேயவில்லையே என்று வயதான டயரோடு கோடையில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ரப்பர் காய்ந்து பக்கத்தில் மெல்லிய வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் அப்புறம் குறைந்த காற்றோடு ஓட்டுவீர்கள். குறைந்த காற்றில்தான் டயர் அதிகம் மடிந்து சூடேறி வெடிக்கிறது.

ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. போன வருஷம் திருச்சிக்குப் பக்கத்தில் பஞ்சராகி, டிக்கியில் இருந்த பெட்டியெல்லாம் இறக்கி வைத்து ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. சாலையோரம் ஒன்றரை மணி நேரம். இந்தத் தடவை நாலோடு சேர்த்து ஐந்தாவதற்கும் காற்று.

கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

இன்னொன்று. "ரெண்டே நிமிஷம், காரிலேயே இரு" என்று பிள்ளையையோ பெரியவரையோ வெயிலில் நின்ற காரில் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் சரி. பத்து நிமிஷத்தில் உள்ளே 10 டிகிரி வரை ஏறிவிடும்.

ஏப்ரல் 15

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரை முழுக்க ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்த ஓய்வு. ராமேசுவரத்துக்குப் போய் வஞ்சிரம் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தால் விலையும் கூடும், கிடைப்பதும் குறையும். ஆனால் துறைமுகத்தில் படகுகள் எல்லாம் வரிசையாக நிற்கும், வலை பின்னுவதும் மராமத்தும் நடக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அதுவும் ஒரு காட்சிதான்.

ஏப்ரல் 20

"வெயில் மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில்தானே, ஏப்ரலில் அவ்வளவு பயம் எதற்கு?" என்று ஒருவர்.

கோடையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதே ஏப்ரலில்தான். தஞ்சாவூர் அகலக்கோட்டில் 18ஆம் தேதி வாக்கில், சென்னையில் 24ஆம் தேதி வாக்கில். அன்று நண்பகலில் நேராக நிறுத்தி வைத்த குச்சிக்கு நிழலே விழாது. மேயில் காற்று அதிகம் சுடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் கல்லுக்கு ஏப்ரல் கடைசி போதும். 24ஆம் தேதி மொட்டை மாடியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

ஏப்ரல் 27, கும்பகோணம், இரவு

நாலரைக்குத்தான் கிளம்ப முடிந்தது. பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழம் மலை மாதிரி குவிந்திருக்கிறது, அதுதான் சீசன். ஒரு பழம் வாங்கிக் காரில் வைத்ததில் ஆறு நாளும் அந்த வாசம்தான் இருக்கப்போகிறது. சாலை பல இடத்தில் இன்னும் நான்கு வழி வேலை முடியாமல் மாற்றுப்பாதையில் போகிறது. இருட்டில் கவனமாக வாருங்கள். கூகுள் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடலூரில் எட்டேகாலுக்கு நின்றோம். வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அம்மா சாப்பிட்டுவிட்டு, கைகழுவாமல் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதை நான் திட்டத்தில் எழுதவே இல்லை. அம்மா வழியில் பலகையைப் பார்த்துவிட்டு "நிறுத்து" என்றதால் நின்றோம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பத்து மணி ஆகிவிட்டது. கல் சுட ஆரம்பித்திருந்தது. ஆனால் சுற்றிலும் புல்வெளி, ஓரமாகப் புல்லிலேயே நடக்கலாம். அம்மாவுக்குத் தடித்த காலுறை போட்டுவிட்டிருந்தேன், அது நன்றாக உதவியது. விமானம் தஞ்சையைவிடக் குள்ளம்தான், ஆனால் ஓரங்கள் உள்வாங்கி வளைந்து எழும் அழகு இங்கேதான். வடக்கு வாசல் பக்கம் சிவன் சண்டிகேசுவரர் தலையில் பூமாலை சுற்றும் சிற்பம். என் மகள் அதன் முன்னால் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டாள், கிளப்பவே முடியவில்லை.

மாலை தாராசுரம். அங்கே ஒரு சிற்பம்: ஒரே தலை, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் யானை, மறுபக்கம் பார்த்தால் காளை. பையன் இரண்டு உடம்பையும் மாற்றி மாற்றிக் கையால் மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்தோம். அம்மா முழுக்க நடந்தார்.

ஏப்ரல் 28, கானாடுகாத்தான்

ஆறேகாலுக்குப் பெரிய கோயில் உள்ளே. ஏழு வருஷம் கழித்து அம்மா அதே பிராகாரத்தில் நடந்தார். கல் ஜில்லென்று இருந்தது. நந்திக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைத்தானே அன்னிக்குப் பார்க்க முடியல" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

விமான நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்கிறார்கள். விழுகிறது. காலை ஆறரை மணிக்கு மேற்குப் பிராகாரத்துக்குப் போங்கள், 216 அடி விமானத்தின் நிழல் மதிலைத் தாண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதற்குள்ளேயே நின்றார்கள். 1010இல் ராஜராஜன் முடித்த கோயிலுக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதுவும் தேவையில்லை.

சித்தன்னவாசல்: போங்கள், கட்டாயம் போங்கள். கூரையில் தாமரைக்குளம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சிதைந்துபோய்தான் இருக்கிறது, ஆனாலும் தாமரை இலைப் பச்சை இன்னும் தெரிகிறது. ஏழு வருஷம் இதை விட்டுவைத்தேனே என்று இருந்தது. உள்ளே இடம் சின்னது, கூட்டம் இருந்தால் வெளியே காத்திருக்க வேண்டும். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.

திருமயத்துக்கு நாலரைக்குப் போனோம். முதலில் கானாடுகாத்தான் வந்து அறை எடுத்து, தூங்கிவிட்டு, கொஞ்ச தூரம் திரும்பிப் போனதுதான். போன வழியிலேயே திரும்புவதா என்று வீட்டுக்காரர் யோசித்தார். ஆனால் இரண்டு மணிக்கு நேராகப் போயிருந்தால் அந்தப் பாறையில் யாரும் ஏறியிருக்க மாட்டோம். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி இருக்கிறது, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. அம்மா கீழே பெருமாள் கோயிலில் இருந்துகொண்டார். அவராக விரும்பி இருந்தது, அதனால் எனக்கு வருத்தமில்லை.

ஏப்ரல் 29, ராமேசுவரம்

சுருக்கமாக. ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் சாயத்தை ஊற்றிக் கையாலேயே ஓடு செய்கிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பதுதான். நம்மை வாட்டும் வெயில் அங்கே வேலை செய்கிறது.

ரயிலில் ஏறிவிட்டோம்! ராமநாதபுரத்திலிருந்து பிற்பகல் ரயில். மண்டபம் தாண்டியதும் பெட்டியே அமைதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், கம்பியைத் தவிர நடுவில் எதுவும் இல்லை. பக்கத்தில் சாலைப் பாலத்தில் எங்கள் கார் போகிறதா என்று மகன் தேடிக்கொண்டே வந்தான். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், பாம்பன்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாகப் பேருந்தில் போய் வந்தாராம்.

சாலைப் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள், பின்னால் வரும் பேருந்துக்கு இடமே இல்லை. தாண்டியதும் பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரையிலிருந்து பாருங்கள், இரண்டு பாலமும் சேர்ந்து தெரியும்.

முன்பதிவு செய்த விடுதியில் ஏசி ஓடவில்லை, மின்னழுத்தம் குறைவு என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு வேறு அறை தேடினோம். கோடையில் அறை பதிவு செய்யும்போது ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று போனில் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 30

தனுஷ்கோடிக்கு மாலை போகலாமா என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அது வேண்டாம். மாலையில் சீக்கிரமே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதுவரை அங்கே ஒரு பொட்டு நிழல் கிடையாது. விடியற்காலையில் சோதனைச் சாவடி திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள்.

அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை. 2017க்கு முன்னால் மணலில் ஜீப்தான். ஒரு பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கிறது, மறுபக்கம் மன்னார் வளைகுடா அலையடிக்கிறது. பெண் கடல், ஆண் கடல் என்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும், கால் நனைக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள்.

திரும்பும்போது இடிந்த தேவாலயத்தில் நின்றோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். நேற்றுதான் ரயிலில் கடலைத் தாண்டி வந்த என் மகன் ஒன்றும் பேசவில்லை. ஊரே இருந்த இடம் இது என்று சொன்னேன். "ஸ்கூல் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். இருந்தது.

ராமேசுவரம் கோயில் பிராகாரம்தான் இந்தப் பயணத்திலேயே பகல் பதினோரு மணிக்கும் வெறுங்காலோடு நிம்மதியாக நடக்க முடிந்த ஒரே கல்தரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், முழுக்கக் கூரை. தீர்த்தக் கிணறுகளில் குளித்துவிட்டு ஈரத்தோடு நடப்பவர்களால் தரை வழுக்கும், பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மே 1, தரங்கம்பாடி

தொண்டி தாண்டிப் பஞ்சர். பகல் பதினொன்றரை, சுற்றிலும் கருவேல மரம். ஸ்டெப்னியில் காற்று இருந்தது! இருபது நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பினோம். ஆனால் மே தினம் என்பதை மறந்துவிட்டேன், வழியில் பார்த்த பஞ்சர் கடையெல்லாம் மூடியிருந்தது. ஸ்டெப்னியே மாட்டியிருக்கும்போது அடுத்த பஞ்சருக்குக் கையில் ஒன்றும் இல்லை என்ற பயத்தோடு அறுபதிலேயே ஓட்டினேன். அதிராம்பட்டினத்தில் ஒருவர் வீட்டிலிருந்து வந்து கடையைத் திறந்து ஒட்டிக் கொடுத்தார். கேட்ட காசுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. பிரான்சில் நெப்போலியன் தோற்றதற்காக, தஞ்சை சரபோஜி மன்னர் 1814இல் இங்கே கடலோரம் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். நடுவெயிலில் காரிலிருந்து இறங்கி ஐந்தே நிமிஷம் பார்த்தோம். இதற்கு மாலை நேரம் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த முறை.

நுங்குக்காரரை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். இந்தச் சாலையில் நான்கு தடவை நிறுத்தினோம்.

மே 2, வீடு

தரங்கம்பாடியில் விடிந்தது. 1620இல் டேனியர்கள் கட்டிய கோட்டை, அதன் சுவரில் முதல் வெயில். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் வந்து இறங்கித் தமிழ் படித்து, அச்சு இயந்திரம் வரவழைத்துத் தமிழில் புத்தகம் அச்சடித்தார். காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் எங்களைத் தவிர நாலு பேர், மூன்று நாய்.

சிதம்பரத்துக்குப் பத்தேகாலுக்குப் போய், நடை சாத்துவதற்குள் தரிசனம். பிச்சாவரத்தை விட்டுவிட்டோம், பகல் பன்னிரண்டுக்குத் திறந்த படகில் உட்கார யாருக்கும் மனமில்லை. மாலை ஆறுக்கு வீடு.

மீட்டரில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மே 19

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்துவிட்டார். ஒரு திருத்தம் சொல்கிறார்: பிள்ளைகள் தினமும் நாலரைக்கு எழ மாட்டார்கள், மூன்றாம் நாள் அழுதுவிட்டார்கள். அதனால் நாலாம் நாள் எங்கேயும் போகாமல் அறையில் படுத்துவிட்டார்களாம். அவர் செய்ததுதான் சரி. எங்கள் பிள்ளைகள் பழகியவர்கள் என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. ஆறு நாளில் ஒரு விடியலையாவது தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள் என்று மேலே இருக்கும் திட்டத்தில் சேர்த்துப் படிக்கவும்.

ஜூலை 12

செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது! மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து அறிவித்திருக்கிறார்கள், அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. ஏப்ரலில் என்னோடு சண்டை போட்ட இருவரும் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதே சந்தோஷம்.

அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், ஒரு நாள் முழுக்க செஞ்சிக்கு மட்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். விடியும் முன் கிளம்பினால் எட்டு மணிக்கு அடிவாரம். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். ராஜகிரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாதி வரைக்கும் வரேன். அங்க நிழல் இருக்கான்னு மட்டும் கேட்டு வை" என்றார்.

போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பாதி வழியில், டிசம்பர் காலை பத்து மணிக்கு, உட்கார நிழல் இருக்கிறதா?